மீதி இரண்டு நாள்

மூன்றாவது முறையும் கதிர்மானியின் முள் முப்பத்தொன்றில் வந்து நின்றது. சென்றாயன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தான். சுவரில் ஒட்டியிருந்த அட்டவணை ஐம்பது என்றது. எட்டு வருஷத்துக்கு முன்னால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில், புற்றுநோய்க்குக் கதிர் வைக்கும் மெஷினைப் பூட்டிக்கொடுக்க வந்த ஜெர்மன் என்ஜினீயர் தன் கையாலேயே எழுதி ஒட்டிவிட்டுப் போன அட்டவணை அது. நிமிஷத்துக்கு ஐம்பது அலகு கதிர். அதை வைத்துத்தான் இத்தனை வருஷமாக ஒவ்வொரு நோயாளிக்கும் எத்தனை நிமிஷம் என்று கணக்குப் போட்டுக் கதிர் கொடுத்துவந்தார்கள். காகிதம் பழுத்து ஓரம் சுருண்டிருந்தது. எழுத்து அழிந்துவிடாமலிருக்க யாரோ அக்கறையாக மேலே கண்ணாடித் தாள் ஒட்டியிருந்தார்கள்.

முதலில் அவன் தன்னைத்தான் சந்தேகப்பட்டான். பம்பாயில் ஓராண்டுப் பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்து பதினேழு நாள்தான் ஆகியிருந்தது. மானியும் புதிது, கையும் புதிது. அறையின் சூட்டையும் காற்றழுத்தத்தையும் திரும்பக் குறித்தான். பாட்டரியை மாற்றினான். ஊரில் நூல் மில்கள் ஓடாத ஞாயிற்றுக்கிழமை காலையில், மின்சாரம் தாழாமல் வரும் நேரமாகப் பார்த்து, மெஷின் ஓட்டும் செல்லமுத்துவைக் கெஞ்சி வரவழைத்து அளந்தான். முப்பத்திரண்டு. திங்கட்கிழமை சாயங்காலம் எல்லா மில்லும் ஓடும்போது அளந்தான். இருபத்தெட்டு. மெஷினுக்குள் கதிரை உண்டாக்கும் குழாய் கிழடு தட்டிப்போயிருந்தது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதே இரைச்சல், அதே சிவப்பு விளக்கு, நேரம் முடிந்ததும் அதே மணி. செல்லமுத்து விசையைத் தட்டுவான், மணி அடித்ததும் நிறுத்துவான், நோயாளியைக் கைகொடுத்து எழுப்பி அனுப்புவான். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது. ஆனால் முப்பது நாள் வந்து படுத்தவர்களுக்குப் பத்தொன்பது நாளுக்கான கதிர்கூடப் போய்ச் சேரவில்லை.

ஆஸ்பத்திரியில் அவனை என்னவென்று கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. நியமன உத்தரவில் 'மருத்துவப் பௌதிக நிபுணர்' என்று இருந்தது. ஆபீஸ் குமாஸ்தா அதை இரண்டு தரம் படித்துவிட்டு, "டாக்டருங்களோட எழுதறதா, கம்பவுண்டருங்களோட எழுதறதா சார்?" என்று கேட்டு, எதிலும் சேராமல் கடைசியில் ஸ்டோர் ஆட்களோடு எழுதிவைத்தார். நர்ஸுகள் 'மெஷின்காரர்' என்றார்கள். மாடிப்படிக்குக் கீழே துடைப்பமும் பினாயில் டின்னும் இருந்த இடத்தை ஒழித்து அவனுக்கு ஒரு மேஜை போட்டிருந்தார்கள். அவனோடு படித்த பன்னிரண்டு பேரும் அப்படித்தான், நாட்டின் பன்னிரண்டு மூலைகளில் ஏதோ ஒரு மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து முதன்முதலாக அளந்துகொண்டிருந்தார்கள். வடக்கே வேலைக்குப் போன நண்பன் ஒருவன் எழுதியிருந்தான்: 'எங்கள் மெஷினில் கூடுதலாக வருகிறது. எத்தனை பேரைக் கருக்கியிருக்கிறோமோ தெரியவில்லை. உன்னுடையது எப்படி?' அந்தக் கடிதத்துக்கு அவன் இன்னும் பதில் போடவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், நோயாளிகள் குறைந்த நேரத்தில், நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டர் அர்த்தனாரியின் அறைக்குப் போனான். அர்த்தனாரி புற்றுநோய்ப் பிரிவுக்குத் தலைவர். தலைவர் என்றால் அவருக்குக் கீழே வேறு டாக்டர் கிடையாது. காலையில் எட்டு மணிக்கு வந்தால் அறுபது எழுபது பேரைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார். அவன் நீட்டிய பக்கத்தை அவர் மெதுவாகப் படித்தார். படித்து முடித்த பிறகும் தலையை நிமிர்த்தவில்லை.

"மெட்ராஸ்ல நான் படிக்கிறப்போ, பேஷண்டுக்கு இருபதாவது நாள்லயே தோல் செவந்துடும்" என்றார். "இங்க செவக்கறதே இல்ல. ரெண்டு மூணு வருஷமாவே இல்ல. இவங்கல்லாம் வெயில்ல கிடந்து உழைக்கிற ஜனம், தோல் கெட்டின்னு நினைச்சேன். நம்ம கையில யாருக்கும் புண்ணாகலைன்னு கான்பரன்ஸ்ல போய்ப் பெருமையா வேற பேசினேன்."

பிறகு எழுந்து பீரோவைத் திறந்து ஒரு பைலை எடுத்துப் போட்டார். எட்டு வருஷமாக, வருஷத்துக்கு ஒன்றாக, அவர் மேலே எழுதிய கடிதங்களின் நகல்கள் அதில் இருந்தன. கதிரை அளக்க ஒரு ஆளும் ஒரு கருவியும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கீழே 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதில் குத்தியிருந்தது. கடைசிக் கடிதத்துக்குப் பதிலாக வந்தவன்தான் சென்றாயன்.

அன்று சாயங்காலமே அர்த்தனாரி அவனைக் கூட்டிக்கொண்டு மெஷின் அறைக்குப் போய், அந்த அட்டவணையைத் தன் நகத்தாலேயே சுரண்டி எடுத்தார். புதுக் கணக்கை எழுதி ஒட்டச் சொன்னார். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "இனிமே சரியா வெப்போம். முன்னாடி நடந்தது இந்த ரூமை விட்டுப் போகக்கூடாது. நம்ம வேலை போயிடும்னு பயந்து சொல்லலை. விஷயம் வெளிய போச்சுன்னா நாளைக்கு ஒருத்தன் வர மாட்டான். இதை விட்டா அவங்களுக்கு வேற எடம் எங்க இருக்கு?" சென்றாயன் தலையாட்டினான். ஆட்டியபோது அது சரியென்றுதான் அவனுக்கும் பட்டது.

கடந்த ஓர் ஆண்டில் சிகிச்சை முடித்துப் போனவர்களை ஏதாவது ஒரு சாக்குச் சொல்லித் திரும்ப வரவழைத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. கார்டு போட்டார்கள். பதில் வராத முகவரிகளில் ஒன்று கொல்லிமலை, எடப்புளி நாடு. மலையில் ஊர்களின் தொகுப்பை நாடு என்பார்கள். அந்த நாட்டுக்குக் கார்டு போய்ச் சேருவதே சந்தேகம். சென்றாயனின் சொந்த ஊர் மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சி. 'நீயே ஒரு எட்டு போயிட்டு வந்துடு' என்று அர்த்தனாரி நோயாளி அட்டைகளை எடுத்துக் கொடுக்கச் சொன்னபோது, ஒரே நாட்டிலிருந்து ஐந்து அட்டைகள் வந்தன. அது அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. மலையிலிருந்து வைத்தியத்துக்கென்று கீழே இறங்குபவர்களே குறைவு. ஒன்று இருசாயி என்ற பெண்ணுடையது, பதினொரு மாதத்துக்கு முந்தையது. மற்ற நான்கும் பழையவை. எல்லாரும் முப்பது நாளும் இருந்து முடித்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் முதலாவதான குப்பாயி மட்டும், மூன்று வருஷத்துக்கு முன்னால், இருபத்தெட்டு நாளோடு நின்றிருந்தாள். 'நோயாளி சொல்லாமல் சென்றுவிட்டார்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. அதற்கு மேல் வரியில் டாக்டரின் கையெழுத்து: 'தோல் சிவப்பு இல்லை.'

முள்ளுக்குறிச்சியில் அவன் அப்பா பாறை உடைக்கிற வேலை செய்பவர். மகன் டாக்டர் என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். 'டாக்டர் இல்லீங்கப்பா' என்று முதலில் சொல்லிப் பார்த்து, பிறகு விட்டுவிட்டான். வேறென்ன என்று கேட்டால் சொல்வதற்கு அந்த ஊரில் ஒரு வார்த்தை இல்லை. அன்றிரவு வீட்டில் தங்கி, மறுநாள் விடிந்ததும் அட்டைகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஏறத் தொடங்கினான். மலைக்கு ரோடு வரப்போகிறது என்ற பேச்சு மட்டும் இருந்தது. இப்போதைக்குக் கால்தடம்தான். ஐப்பசி மாதத்து ஈரத்தில் கற்கள் வழுக்கின. மிளகும் பலாப்பழமும் தலையில் வைத்துக்கொண்டு மலைக்காரர்கள் இறங்குகிற அந்தச் செங்குத்துத் தடத்தில் கன்னத்திலும் கழுத்திலும் புண்ணோடு மனிதர்களைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே ஏறினான். ஒரு வளைவில் நின்று மூச்சு வாங்கியபோது கீழே அவனுடைய ஊர் உள்ளங்கையளவு தெரிந்தது. அடிவாரத்தில் பிறந்தும் இருபத்தாறு வயதுவரை அவன் இந்த மலை மேல் ஏறியதில்லை.

எடப்புளி நாடு என்பது ஓரிடத்தில் இருக்கிற ஊரல்ல. சரிவுக்கு நாலு வீடு, ஓடைக்கு அப்பால் ஆறு வீடு என்று சிதறிக் கிடந்தது. முதலில் எதிர்ப்பட்ட ஆளிடம் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதாகச் சொன்னதும், அவர் பெயரைக்கூடக் கேட்காமல், "மாதன் ஊட்டுக்குங்களா?" என்றார். "ஆசுபத்திரிக்குப் போறதுன்னா எல்லாம் அவருதாங்க."

மாதன் சாமைக் காட்டில் இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியாக, நெற்றி ஏறி, அரிவாளைப் பிடித்தபடியே வரப்புக்கு வந்தார். ஆஸ்பத்திரி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அரிவாளை மண்ணில் போட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்பினார். "அங்கிருந்து ஒருத்தரு மேல ஏறி வந்தது இதுதாங்க மொதத் தடவ. என்ற ஊட்டுக்காரி குப்பாயி பேரு அங்க எழுதி வெச்சிருக்குதுங்களா?"

அப்போதுதான் அவர் குப்பாயியின் கணவன் என்று சென்றாயனுக்குத் தெரிந்தது. அட்டையை எடுத்துக் காட்டினான். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் வாங்கி, சிவப்பு மையின் மேல் விரலை வைத்து, "இது என்னங்க எழுதியிருக்குது?" என்றார். சென்றாயன் சொன்னான். மாதன் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு நடந்துகொண்டே பேச ஆரம்பித்தார். கேட்பதற்கு ஆள் வரட்டும் என்று மூன்று வருஷமாகக் காத்திருந்தவர்போல இருந்தது.

"கன்னத்துல புண்ணுங்க. நாலு பேரு தொட்டில் கட்டித் தூக்கிட்டு எறங்கினோம். முப்பது நாளைக்குக் கரண்டு வெக்கோணும்னு பெரிய டாக்டரு சொன்னாரு. இருபத்தெட்டு நாள் வெச்சாச்சுங்க. புண்ணும் ஆறின மாதிரி இருந்துது. அப்ப மலையில இருந்து ஆளு வந்து, சாமை முத்திக் கொட்டுது, மழை வேற கட்டுதுன்னு சொன்னான். ரெண்டு நாளு தானேன்னு... அவ வேண்டாம்னாங்க. இருந்து முடிச்சுட்டே போலாம்னு அவதான் சொன்னா. நாந்தான் கேக்காமக் கூட்டியாந்துட்டேன்." நடப்பதை நிறுத்தினார். "அந்த வருஷஞ் சாமை நல்லா வெளைஞ்சுதுங்க. ஆறு மாசத்துல அவ போயிட்டா."

வீடு புல் வேய்ந்தது. சாணம் மெழுகிய தரையில் உட்காரவைத்துச் சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார். அவர் தம்பி எஸ்டேட் வேலைக்குப் போயிருந்தான். தம்பி மனைவிதான் இருசாயி. அவள் ஓடைக்குப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்றார். சென்றாயன் மற்ற மூன்று அட்டைகளையும் பற்றிக் கேட்டான். பெருமாயி, முத்தன், மாரி. மாதன் மூன்று பேருக்கும் தலையை ஆட்டினார். இல்லை. பெருமாயி ஒரு வருஷம் இருந்தாள். முத்தன் எட்டு மாதம். மாரி போன தை மாதம்.

"அவியள நாந்தாங்க அனுப்பி வெச்சேன்" என்றார் மாதன். "குப்பாயி போனதுக்கப்பறம், யாருக்குக் கட்டி புண்ணுன்னு கேள்விப்பட்டாலும் போயிருவேன். பூசாரிகிட்டப் போவாதீங்க, கீழ போங்க, ஆனா முப்பது நாளும் இருந்து முழுசா வெச்சுக்கிட்டு வாங்க, நாஞ் செஞ்ச தப்பச் செஞ்சுபோடாதீங்கன்னு சொல்லுவேன். மாரி வரமாட்டேன்னு அழுதானுங்க. சின்ன வயசு, கல்யாணமாகி ரெண்டு வருசந்தான். நாந்தான் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனேன். முப்பது நாளும் கூடவே படுத்துக் கெடந்தேன். ஒரு நாள் தவறலீங்க." குழம்புச் சட்டியை மூடினார். "அவிய எல்லாம் முழுசாத்தான் இருந்தாங்க. அப்படியும் போயிட்டாங்களே, அதுதாங்க எனக்குப் புரியல."

சென்றாயன் பாதிச் சோற்றோடு எழுந்தான். கையைக் கழுவ வெளியே வந்தான். எதிர்ச் சரிவில் மேகம் இறங்கி வீடுகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தது. ஓடைப் பக்கமிருந்து ஒரு பெண் ஈரத்துணி மூட்டையோடு ஏறி வந்தாள். முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள். ஆஸ்பத்திரி ஆள் என்று தெரிந்ததும் தானாகவே வந்து முன்னால் நின்று, முந்தானையை விலக்கிக் காட்டினாள். இடப்பக்கக் காதுக்குக் கீழே எலுமிச்சம்பழம் போல ஒரு வீக்கம். தோல் மினுமினுத்தது. அவன் டாக்டரல்ல. ஆனால் அதைப் புரிந்துகொள்ள டாக்டராக இருக்க வேண்டியதில்லை.

"ஆடி மாசத்துல இருந்து மறுக்கா வருதுங்க" என்றாள் இருசாயி. "வலி இல்லீங்க. மாமா பயப்படுவாருன்னு சொல்லல."

அவன் மனம் தன்னையறியாமல் கணக்குப் போட ஆரம்பித்தது. பதினொரு மாதத்துக்கு முன்னால் இந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது இவ்வளவு. ஒரே இடத்தில் தோலும் எலும்பும் தாங்கக்கூடியது மொத்தம் இவ்வளவு. கழித்தால் மிச்சம் இவ்வளவு. அந்த மிச்சத்தால் இந்தக் கட்டியைக் கரைக்க முடியுமா? முடியாது என்றுதான் பம்பாயில் படித்த எல்லா அட்டவணைகளும் சொல்லின. முதல் தடவையே சரியாகக் கொடுத்திருந்தால் கரைந்திருக்கும். முதல் தடவை ஒன்றுதான் உண்டு. இதையெல்லாம் அரை நிமிஷத்தில் கணக்கிட்டுவிட முடிவதற்குத்தான் அவன் படித்திருந்தான்.

மாதன் வாசலில் வந்து நின்று அந்தக் கழுத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு இருசாயியை உள்ளே போகச் சொன்னார். அவள் போனதும் அவன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏனுங்க சாமி, நீங்க படிச்சவங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த ரெண்டு நாளும் இருந்திருந்தா குப்பாயி பொழச்சிருப்பாளுங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று சென்றாயன் நினைத்தான். 'இல்லீங்கண்ணா, உங்க மேல தப்பில்லை' என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடலாம். அதைத்தான் சொன்னான். ஆனால் மாதன் நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறான் என்று தெரிந்துகொண்டு, சிரிப்பது போல முகத்தைச் செய்துகொண்டு, "நீங்க நல்லாருக்கோணும்" என்றார். பெரிய டாக்டருக்கென்று ஒரு சிறு மூட்டை மிளகு கட்டி வைத்திருப்பதாகவும், அதை எடுத்துப்போக வேண்டும் என்றும் சொன்னார். மூன்று வருஷமாக வருஷா வருஷம் ஆள் கிடைக்கும்போதெல்லாம் கொடுத்தனுப்புகிறாராம். 'சொல்லாமக் கூட்டிட்டு வந்துட்டோம், அவரு மனசு என்ன பாடுபட்டுதோ' என்றார். அதற்குமேல் சென்றாயனால் முடியவில்லை.

"மெஷின்ல கரண்டு குறைவா வந்துதுங்க" என்றான்.

மாதன் புரியாமல் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு வெக்கணுமோ அவ்வளவு வெக்கலீங்க. மெஷின் பழசாகிப் போச்சு. அது யாருக்கும் தெரியல. முப்பது நாள் இருந்தவங்களுக்குப் பத்தொன்பது நாளுக்குக்கூட வந்து சேரல. உங்க ஊட்டுக்காரம்மாவுக்கும் அப்பவே குறைஞ்சிருந்துதுங்க. தோல் செவக்கலைன்னு அட்டையிலயே எழுதியிருக்கு, அதுதான் அடையாளம். நீங்க அந்த ரெண்டு நாள் இருந்திருந்தாலும், இன்னும் ரெண்டு நாள் கூட இருந்திருந்தாலும் பத்தியிருக்காது. நான் போன மாசம் அளந்து பார்த்தேன். அப்பத்தான் தெரிஞ்சுது."

மாதன் வீட்டோரத்தில் குந்தி உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடியும் உட்கார்ந்தார்.

"போன மாசந்தான் அளந்தீங்களா?"

"ஆமாங்க."

"அதுக்கு முன்னால யாரும் அளக்கலீங்களா?"

"அளக்க ஆளில்லீங்க. இப்பத்தான் போட்டிருக்காங்க. பெரிய டாக்டரு எட்டு வருஷமாக் கேட்டுட்டே இருந்திருக்காரு."

"சாமைக்கு சாமை மாத்தினாக்கூட நாங்க வள்ளம் வெச்சு அளந்துதாங்க மாத்துவோம்" என்றார் மாதன். குரலில் கோபமில்லை. கணக்குப் பார்க்கிறவரைப்போல விரல்களை மடக்கினார். குப்பாயி. பெருமாயி. முத்தன். மாரி. நான்காவது விரலை மடக்கியதும் கை அப்படியே நின்றது. "அப்பன்னா..." என்றார். "அப்பன்னா நான் அவியளச் சும்மா இழுத்துட்டுப் போயிருக்கறேன். மாரி பூசாரிகிட்டயே இருந்துக்கறேன்னு அழுதானுங்களே. பொண்டாட்டி மடியில தலைய வெச்சுக்கிட்டு ஊட்டுலயாச்சும் செத்திருப்பான். ஒரு மாசத்த அங்க கொண்டுபோய்த் தொலைச்சேன்."

சென்றாயன் அப்படியில்லை என்று சொல்ல வாயெடுத்தான். அவரை ஒரு பழியிலிருந்து எடுத்துவிடலாம் என்றுதான் சொன்னான். அதைவிடப் பெரியதைத் தூக்கி அவர் தலையில் வைத்துவிட்டான் என்பது அவர் மடக்கிய விரல்களைப் பார்த்தபோதுதான் விளங்கியது. மாடிப்படிக்குக் கீழே தனியாக உட்கார்ந்து முள்ளைப் பார்த்தபோது இந்த நான்கு பேரும் முப்பத்தொன்று என்ற ஒரு எண்ணாகத்தான் இருந்தார்கள்.

கதவுக்குப் பின்னாலிருந்து இருசாயி வெளியே வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். முகத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. "இப்பச் சரியா வருதுங்களா?" என்று கேட்டாள்.

"வருதுங்க. நானே தினமும் அளக்கறேன்."

"இப்ப நான் வந்தா இது கரைஞ்சு போயிருமுங்களா?"

அவன் அந்தக் கணக்கை இன்னொரு தரம் போட்டுப் பார்த்தான். ஏதோ ஓரிடத்தில் தப்பிருக்கும், மிச்சம் கொஞ்சம் கூடுதலாக வரும் என்று தேடினான். "கொஞ்சம் வெச்சுப் பார்க்கலாங்க" என்றான். "வலி வராம இருக்கும். கொஞ்ச நாள்..." அவள் மேலே கேட்காததால் நிறுத்தினான்.

"நான் வரலீங்க" என்றாள் இருசாயி. "அப்ப மாமா சொன்னாரு, வந்தேன். இனி யாரு சொல்லி வர்றதுங்க?"

முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டு, துணிகளை உதறிப் பந்தக்காலில் காயப்போட ஆரம்பித்தாள். மாதன் அவளை வற்புறுத்துவார் என்று சென்றாயன் எதிர்பார்த்தான். எத்தனை பேரைக் கீழே இறங்கச் சொல்லி அலைந்த மனிதர். அவர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அர்த்தனாரி கதவைச் சாத்திக்கொண்டு சொன்னது இப்போது சென்றாயனின் காதில் கேட்டது. சொன்னால் ஒருத்தரும் வர மாட்டார்கள். சொல்லி ஒரு நாழிகைகூட ஆகவில்லை. இந்த நாட்டிலிருந்து இனி யாரும் இறங்கப் போவதில்லை. மெஷின் இப்போது சரியாக இருந்தது. அட்டவணை சரியாக இருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவர் கழுத்தில் கட்டி வந்து அங்கே போய்ப் படுத்தால், இனி அது கரையும். அதை யாரிடம் சொல்வது?

"வாங்க" என்று எழுந்தார் மாதன்.

"எங்கண்ணா?"

"மூணு ஊட்டுக்கும் போயிச் சொல்லோணும். நான் போயித்தான் கீழ கூட்டிட்டுப் போனேன். நான் போயித்தான் சொல்லோணும். ஆனா நாஞ் சொன்னா நம்ப மாட்டாங்க. பைத்தியம்பாங்க. நீங்க கூட வாங்க."

"வேண்டாங்கண்ணா. அவங்களுக்கு இப்பத் தெரிஞ்சு என்னங்க ஆகப்போகுது?"

"எனக்குச் சொன்னீங்களே" என்றார் மாதன்.

சென்றாயன் பையை எடுத்து மாட்டிக்கொண்டான். மிளகு மூட்டையைப் பற்றி இருவரும் பேசவில்லை. அது உள்ளேயே இருந்தது. வரப்பின் மேல் மாதன் முன்னால் போக அவன் பின்னால் நடந்தான். தூறல் விழுந்தது. அறுக்காமல் நின்ற சாமைக் கதிர் இரு பக்கமும் காலில் உரசி நனைத்தது. ஓரிடத்தில் மாதன் வழுக்கிக் கையை ஊன்றி எழுந்தார். தூக்கிவிட இவன் நீட்டிய கையை அவர் கவனிக்கவில்லை. மரவள்ளிக் காட்டைச் சுற்றிக்கொண்டு இறங்கியதும் தனியாக ஒரு வீடு தெரிந்தது.

"மாரி ஊடு" என்றார்.

வாசலில் இளம்பெண் ஒருத்தி முறத்தில் அவரைக்கொட்டை பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வயதுக்கு மேல் இருக்காது. மாதனைக் கண்டதும் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். "யாருங்க இது, மாமா?" என்றாள்.

"ஆசுபத்திரியில இருந்து வந்திருக்காங்க, கண்ணாயி."

அவள் முகம் மலர்ந்ததைச் சென்றாயன் பார்த்தான். அப்படி மலரும் என்று அவன் நினைத்திருக்கவில்லை. "அங்கிருந்துங்களா?" என்றாள். "எங்கூட்டுக்காரரை அவங்க நல்லாப் பார்த்துக்கிட்டாங்கன்னு மாமா சொன்னாருங்க. தினமும் ஒருத்தரு கையப் புடிச்சு எழுப்பி விடுவாராமே. அவருங்களா நீங்க?"

"இல்லீங்க" என்றான் சென்றாயன். "அவரு பேரு செல்லமுத்து."

"அவரையும் கேட்டேன்னு சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடிப்போய் ஒரு கோரைப்பாயை எடுத்துவந்து கூரைக்குக் கீழே உதறி விரித்தாள். சுருண்ட ஓரத்தைக் காலால் அமுக்கி நேராக்கினாள். "உக்காருங்க. நனைஞ்சு போயிட்டீங்களே" என்றாள். மறுபடி உள்ளே போனாள். சொம்பில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது.

இருவரும் உட்காரவில்லை. பாயின் ஓரத்தில் நின்றார்கள். மழைநீர் வேட்டி நுனியிலிருந்து சொட்டிப் பாயை நனைத்தது.

கண்ணாயி இரண்டு கையாலும் சொம்பைப் பிடித்தபடி வாசற்படியைத் தாண்டினாள். அவர்கள் நிற்பதைப் பார்த்ததும் நின்றாள். முதலில் மாதனையும் பிறகு சென்றாயனையும் பார்த்தாள். மாதன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அவள் அவர்கள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே குனிந்து சொம்பைத் தரையில் வைத்தாள். அது சரிந்து நின்றது. தளும்பிய தண்ணீர் பாயின் அடியில் மெதுவாகப் பரவிக்கொண்டிருந்தது.